உப்புப் பையில் எத்தனை மோல்

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பரீட்சை நாளில் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்வேன். கழிப்பறைச் சுவரைப் போய்ப் படித்துவிட்டு வருவேன். ஊரே மெல்லும் கோகா இலையைத்தான் மெல்லுகிறேன் என்று கன்னத்தில் துண்டுக் காகிதத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தவனை வாயைத் திறக்க வைத்துப் பிடித்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் வேதியியல் நடத்துகிறேன், என்னிடமா?

அதனால் மூன்று தாள்களில் ஒரே தப்பான விடையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

கேள்வி ரொம்பச் சாதாரணம். 'நம் ஊர் உப்புப் பை ஒன்றில் எத்தனை மோல் சோடியம் குளோரைடு இருக்கும்?' சோடியம் 23, குளோரின் 35.5, கூட்டினால் 58.5. பையின் மேலேயே ஒரு கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆயிரத்தை 58.5 ஆல் வகுத்தால் 17.1. உயுனி உப்புவெளியின் ஓரத்தில், உப்புக்கட்டியால் சுவர் வைத்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாக என்ன கேட்பது?

வகுப்பில் தப்பு செய்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு தப்பு. காப்பியடிக்காத தப்பு அப்படித்தான் இருக்கும். ஆனால் லிம்பர், நிக்கனோர், யோவானா மூவரும் வழி காட்டாமல், விடையை மட்டும் 15.4 என்று எழுதியிருந்தார்கள். மூவரும் ஒரே பெஞ்சு வரிசை. மூவரின் அம்மாக்களும் ஃப்லோரென்சியோவின் உப்பு ஆலையில் பை நிரப்புகிறவர்கள்.

லிம்பரும் நிக்கனோரும் காப்பியடித்தால் எனக்கு ஆச்சரியமில்லை. யோவானா விஷயம் வேறு. அயனிப் பிணைப்பு நடத்திய அன்று, சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, "சோடியம் நம்ம ஊர்க்காரன் போல டீச்சர், குடுத்துட்டு நிப்பான்" என்று வகுப்பையே சிரிக்க வைத்தவள். லா பாஸ் நகரில் இலவசமாகப் படிக்க இந்த ஊருக்கு ஒரே ஓர் இடம் தந்திருந்தார்கள். அதற்கு அவள் பெயரும் இந்தத் தாளும் வெள்ளிக்கிழமை போக வேண்டும். காப்பி என்று நான் எழுதினால் பூஜ்யம். திங்கட்கிழமை முதல் அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காஸ் சுடரில் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்ட வேண்டியதுதான். சூடு பட்டுப் பட்டு அம்மாவின் பெருவிரலில் ரேகையே இல்லை. அதை நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன்.

"யார் தாளைப் பாத்து எழுதின?"

"யாருதையும் பாக்கல டீச்சர்."

"அப்போ மூணு பேருக்கும் கனவுல வந்து சொல்லிட்டுப் போச்சா, பதினஞ்சு புள்ளி நாலுன்னு?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சரி, கணக்கே தெரியாதோ என்று சோதிக்க, ஒரு கிலோ சர்க்கரையில் எத்தனை மோல் என்று கரும்பலகையில் போட்டேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். 342 ஆல் ஆயிரத்தை வகுத்து 2.92 என்று எழுதிவிட்டுக் கையைத் துடைத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. 15.4ஐ 58.5 ஆல் பெருக்கிப் பார்த்தேன். தொள்ளாயிரம். சர்க்கரைக்கு ஆயிரம், உப்புக்கு மட்டும் தொள்ளாயிரமா?

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நான்கு உப்புப் பைகள் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பள்ளித் தராசில் கொட்டினேன். 901. 898. 900. 903. சூப்பில் இத்தனை வருஷமாக அள்ளிப் போட்ட உப்பு ஞாபகத்துக்கு வந்து, என்னை நானே திட்டிக்கொண்டேன். பிள்ளைகளின் கன்னத்துக்குள் எட்டிப் பார்த்தவள் அடுப்படிப் பையை ஒருநாள்கூட நிறுத்துப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நீங்க தராசு பழக்கிக் குடுத்தீங்கல்ல? நாங்க மூணு பேரும் அன்னிக்கு ஆலைப் பை ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முதலாளி குடுத்த தகர டப்பா டீச்சர். ஒரு டப்பா, ஒரு பை. டப்பாவே அவ்வளவுதான் பிடிக்கும். அம்மாகிட்ட சொன்னேன். வாயிலயே ஒண்ணு வெச்சாங்க."

"அப்புறம் ஏன்டி பரீட்சையில எழுதின?"

"நீங்க கிலோன்னு கேக்கலையே. நம்ம ஊர்ப் பைன்னுதான கேட்டீங்க? பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கிலோ என்ற சொல்லே அதில் இல்லை. அவள் விடை சரி. வகுப்பிலேயே சரியாக எழுதியவர்கள் அந்த மூன்று பேர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன் மார்க் எங்கயும் போகாது. லா பாஸ்ல மறுபடி திருத்துவாங்க, அவங்ககிட்ட இருக்கிற விடை பதினேழு புள்ளி ஒண்ணு. அதனால ஓரத்துல காரணம் எழுதிடறேன். ஃப்லோரென்சியோ ஆலைப் பையில தொள்ளாயிரம்தான் இருக்கு, நானே நிறுத்துப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

அதுவரை நிமிர்ந்து நின்றவள் மேசையில் இருந்த தன் விடைத்தாளை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். ஆய்வுக்கு ஆள் வருவாங்க. யாரு சொன்னான்னு முதலாளி கேப்பாரு. என் பேரு தாள்லயே இருக்கு. அம்மாவை மட்டுமா அனுப்புவாரு? லிம்பர் அம்மா, நிக்கனோர் அம்மா எல்லாரையும் அனுப்பிடுவாரு. இந்த ஊர்ல வேற வேலை எங்க டீச்சர் இருக்கு? எனக்கு முட்டையே போட்டுடுங்க."

"முட்டை போட்டா நீ போக முடியாது."

"தெரியும்."

வெளியே காற்று உப்புத் தூளை வாரிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். லிம்பர், நிக்கனோர் தாள்கள் ஊரைத் தாண்டப் போவதில்லை, அவற்றுக்குச் சரி போட்டுவிடலாம். இது போக வேண்டிய தாள்.

அவள் கையை நீட்டினாள்.

"பேனா குடுங்க டீச்சர்."

என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கொடுத்தேன். கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

15.4ஐ ஒரே கோட்டில் அடித்து, மேலே 17.1 என்று எழுதினாள். பரீட்சையிலேயே அடித்துத் திருத்தியது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. தாளை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் கண்ணெதிரே, என் பேனாவால், என் மேசையில் நடந்த மோசடி அது. முழு மதிப்பெண் போட்டேன்.