சுவருக்கு அடித்த மருந்து

தேவிப்பிரியா இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். பெஞ்சில் கிடத்தியிருந்த நைனாவின் உடலிலிருந்து சீயக்காய் நுரை கரைந்து வழிந்தது.

"போதும்மா, தொடச்சிடலாம்," என்றார் அரசு சித்தப்பா.

அவள் கேட்கவில்லை. நைனாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அவற்றைத் தொட்டுப் பல மாதம் ஆயிற்று.

நைனா தேசப்பன் மலேரியா ஆபீசில் மருந்து அடிக்கிறவர். குப்பம் குப்பமாகப் போய் வீட்டுச் சுவர்களில் கொசுவுக்கு டிடிடி அடித்துவிட்டு, சட்டையெல்லாம் வெள்ளை பூத்து வருவார். அப்படியே மகளைத் தூக்கித் தோளில் உட்கார்த்திக்கொள்வார். அந்த நெடிதான் அவளுக்கு நைனா வாசனை.

ரெண்டாயிரத்தில் ரிட்டயரானார். அப்புறம் ஒருநாள் ரேடியோவில் கேட்டார்: அந்த மருந்து லேசில் அழியாதாம், மண்ணில், மீனில், மனுஷக் கொழுப்பில், தாய்ப்பாலில்கூட இருக்குமாம். அதே வருஷம்தான் தேவிப்பிரியாவுக்குக் குழந்தை பிறந்தது. அவர் குழந்தையைத் தொடவே இல்லை. மகளிடமிருந்தும் விலகியே உட்கார்ந்தார்.

"நர்சம்மாவ கேட்டுட்டேன் நைனா. தொட்டா ஒண்ணும் ஆவாதாம். பாலும் குடுக்கலாமாம்."

"எத்தினி வாட்டி குளிச்சாலும் உள்ளாற கீது கண்ணு. கொழந்தைய அங்கியே வெச்சிக்கோ."

எட்ட உட்கார்ந்து சொடக்குப் போட்டு விளையாட்டுக் காட்டுவார். அது தவழ்ந்து கிட்டே வந்தால், எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். போனவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

வேட்டி கட்டி, மாலை போட்டுப் பாடையில் கிடத்தினார்கள். தேவிப்பிரியா குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள்.

"கொழந்தைய இன்னாத்துக்குடி கொண்டாற?" என்றாள் அம்மா ஆதியம்மாள்.

"தாத்தாகிட்ட இருக்கட்டும்மா. கொஞ்ச நேரம்."

அவர் மார்போடு சேர்த்துக் குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அது தாத்தாவின் தாடையைத் தட்டியது. சிரித்தது. ஆதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நேரமாவுது," என்றார் யாரோ.

பாடையைத் தூக்கும்போது குழந்தையின் கை மாலையை விடவில்லை. சித்தப்பா விரல்களைப் பிரிக்கப் போனார்.

"உடு சித்தப்பா. அதுவா உடும்."

நார் அறுந்தது. பறைச் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. குழந்தை கையிலிருந்த சாமந்தியை வாய்க்குக் கொண்டுபோயிற்று. தேவிப்பிரியா அந்தக் கையைத் தடுத்து இறக்கினாள், பூவைப் பிடுங்கவில்லை.