ஏழாம் நம்பர் பேஸ்

மரியகுழந்தை மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் வைண்டர் எஞ்சினுக்குப் புது கன்ட்ரோல் பேனல் பொருத்தும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. இருபது வருஷ எலக்ட்ரீஷியன். இப்படி ஒரு பேனலை அவர் முதல்முறையாகப் பார்த்தது அந்த 1973இல்தான்.

இரும்புப் பலகையில் யூனிட்டுகளைச் செருகும் அடிக்கட்டைகளாக இருபத்துநாலு பேஸ்கள். கம்பிகளெல்லாம் பேஸோடு முடிந்துவிடும். மேலே செருகும் யூனிட் கெட்டுப்போனால், கம்பியைத் தொடாமல் அதைப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். யூனிட்டுகள் பார்வைக்கு ஒரே மாதிரி சாம்பல் நிறப் பெட்டிகள். உள்வேலை மட்டும் வேறு வேறு. இடம் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பித்தளை முளை வைத்திருந்தார்கள். அந்த முளைக்கேற்ற பள்ளம் அதற்குரிய பேஸில் மட்டும்தான் இருக்கும்.

ஏழாம் நம்பர் பேஸில் யூனிட் இறங்கவில்லை.

மணி ஒன்றேகால். காலை ஷிஃப்ட் ஆட்கள் பக்கத்து ஷாஃப்ட், அதாவது பக்கத்துச் சுரங்கக் கிணறு வழியாக இறங்கியிருந்தார்கள். இரண்டு மணிக்கு இந்த ஷாஃப்டில் ஏறலாம் என்று சொல்லியிருந்ததால், ஒரு மைல் நடந்து அடியில் வந்து நின்றிருந்தார்கள்.

"இன்னா மேன், இன்னும் முடியலியா?" என்றார் ஃபோர்மேன் கிளாரன்ஸ். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன.

"ஏழாம் நம்பர் உள்ள போவல சார். முளை இடிக்குது."

"டப்பா மேல ஏழுன்னுதானே போட்டுக்கீது? முளைய ராவிட்டு உள்ள தள்ளு."

யூனிட்டுகள் வந்த மரப்பெட்டியின் அடியில் வைக்கோலுக்குள் உபரியாக இன்னும் சில கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கலாம். மரியகுழந்தைக்குக் குனிய முடியவில்லை. அரத்தை எடுத்து முளையை ராவினார். யூனிட் உட்கார்ந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"காலியா ஒரு தபா ஓட்டிப் பாத்துடலாம் சார்."

"கீழ எவ்ளோ பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

"ஒரே ஒரு தபா."

வைண்டர் டிரைவர் சம்பங்கி யாரையும் கேட்கவில்லை. மணியடித்து, ஆட்களை விலகி நிற்கச் சொல்லி, காலி கேஜை மேலே இழுத்தார். டயலில் முள் ஏறிக்கொண்டே வந்தது. கிணற்று வாசலுக்கு நூறடி இருக்கும்போது வேகம் தானாகக் குறைய வேண்டும்; அதைச் செய்வது ஏழாம் நம்பர் யூனிட். குறையவில்லை. எண்பது. அறுபது. சம்பங்கி எழுந்து நின்று, முழு உடம்பையும் போட்டுக் கை பிரேக்கை அழுத்தினார். வடம் அலறியது. கேஜ் வாசலைத் தாண்டி ஏறி, உச்சி உத்தரத்துக்கு நாலடி கீழே நின்று ஆடியது.



"உள்ள ஆள் இருந்திருந்தா?" என்றார் சம்பங்கி. கை இன்னும் பிரேக்கிலேயே இருந்தது.

"நான்தாம்பா முளைய ராவினேன்," என்றார் மரியகுழந்தை.

"நான் சொல்லித்தான் ராவினான்," என்றார் கிளாரன்ஸ் தரையைப் பார்த்தபடி.

கீழே நின்றவர்கள் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். போகும் முன் அவர்கள் திட்டியதெல்லாம் அடியிலிருந்த டெலிபோன் வழியாக மேலே கேட்டது. மரியகுழந்தை ரிசீவரை வைக்காமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இருபத்துநாலையும் கழற்றினார். கிளாரன்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வைக்கோலைக் கிளறினார். ஏழுக்கான யூனிட் அடியில் கிடந்தது. அதன்மேல் பத்தொன்பது என்று ஒட்டியிருந்தது. அனுப்பிய இடத்தில் யாரோ சீட்டை மாற்றி ஒட்டியிருந்தார்கள். சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முளையையும் பள்ளத்தோடு வைத்துப் பார்த்துச் செருகினார்கள். முளை போன யூனிட்டில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினார் மரியகுழந்தை. பத்தொன்பதாம் பேஸில் ஏற்கெனவே சரியான யூனிட்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு சம்பங்கி மூன்று தடவை காலியாக ஓட்டினார். மூன்று தடவையும் நூறடியில் வேகம் தானாகக் குறைந்தது.

"ஆளுங்கள ஏத்தலாமா?" என்றார் கிளாரன்ஸ்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க," என்றார் சம்பங்கி. குரலில் கோபம் இல்லை. "அப்புறம் மத்தவங்க."

இருவரும் ஏறினார்கள். இருட்டுக்குள் இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி மேலே கிளம்பினார்கள். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கிளாரன்ஸ் கம்பியைப் பிடித்திருந்தார். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. மரியகுழந்தைக்கு ஜெபம் வரவில்லை. எங்கே குறையும், எங்கே குறையும் என்று பாதத்தால் கேட்டுக்கொண்டிருந்தார்.

குறைந்தது. கேஜ் மெல்ல வந்து வாசலில் நின்றது.

கதவு திறந்ததும் மரியகுழந்தை வெளியே ஓரடி வைத்தார். அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரு மேன், அடுத்த ஷிஃப்ட் நிக்கிது," என்று கிளாரன்ஸ் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.