மோப்பக் கதை

எங்கள் நூலகத் தலைவருக்கு நான் வைத்த பெயர் அலமாரி. அசையமாட்டார், உள்ளே இருப்பதை யாருக்கும் தரவும் மாட்டார். குழந்தைகள் அறையைத் தன் கூட்ட அறையாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்று நிர்வாகக் குழுத் தலைவி வருகிறார். என் கதை நேரம் தேறினால் அறை பிள்ளைகளுக்கு, இல்லையென்றால் அலமாரிக்கு.

நான் திட்டமிட்டது மோப்பக் கதை. வழி தவறிய நாய்க்குட்டி வாசனை பிடித்தே அம்மாவைக் கண்டுபிடிக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் கூடவே முகர்ந்து வர வேண்டும். எலுமிச்சைத் தோல், ஈர மண், சோப்பு, பழைய கம்பளி. எல்லாம் தனித்தனி டப்பாவில், மூடியில் ஓட்டை போட்டு. கடைசிக் கம்பளிதான் அம்மா.

"உங்க வீட்ல யாராச்சும் கதைப் புத்தகத்தைக் கண்ணால பாத்திருக்காங்களா? டிகிரி வாங்கிட்டு குப்பை பொறுக்கிட்டு வந்து நிக்கிறே," என்றார் அலமாரி, டப்பாக்களைப் பார்த்து.

"எங்க வீட்ல புத்தகமே இல்ல சார். இங்க இருக்கறத நீங்க ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சிருக்கீங்க."

பிள்ளைகளையும் தலைவியையும் அழைத்துவர நான் வாசலுக்குப் போன நேரத்தில், தன் மேசையில் எப்போதும் வைத்திருக்கும் பூ வாசனை ரூம் ஸ்ப்ரேயை அறை முழுக்க அடித்துவிட்டார். டப்பாக்களையும் விடவில்லை.

"பூ!" என்றன பிள்ளைகள். மண்ணும் பூ, சோப்பும் பூ, அம்மாவும் பூ. ஒன்று தும்மியது, எல்லாம் தும்மின. தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம்," என்றார் அலமாரி, வாயெல்லாம் பல்லாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்ப்ரேயை அவர் வாயிலேயே அடித்திருப்பேன். "அம்மா இங்க இல்லடா செல்லங்களா, வெளிய தேடலாம்" என்று மண்டியிட்டு நடைவழிக்கு நகர்ந்தேன். நாய்க்குட்டிகள் பின்னால் தவழ்ந்தன. ஈரக் குடை. ரப்பர் செருப்பு. வாளியில் பினாயில். "உவ்வே!" என்று ஒரே கும்மாளம். தலைவியும் குனிந்து குடையை முகர்ந்தார்.

எல்லாரிலும் சின்னவள், பென்சில் என்று கூப்பிடுவோம், ஸ்டோர் ரூம் சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தாள். பிறகு அலமாரியின் கால்சட்டையில் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே நாத்தம்! பொகை!"

"அது பழைய பேப்பர் வாசனை மேடம்..."

"தொறங்க," என்றார் தலைவி.

உள்ளே, பிரிக்கப்படாத படப்புத்தகப் பெட்டியின் மேல் ஒரு சாசர். நிறைய சிகரெட் துண்டுகள். ஸ்ப்ரே எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அறை பிள்ளைங்களுக்கு," என்றார் தலைவி. "நீங்க என்னோட வாங்க."

போகும்போது அலமாரி பல்லைக் கடித்தார். "நீதானே சொல்லிக் குடுத்தே?"

"மோந்து பாக்க யாரும் சொல்லிக் குடுக்க வேணாம் சார்."

"அப்ப அம்மா எங்க?" என்றாள் பென்சில்.

சாசரை எடுத்து அலமாரியின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தேடப் புத்தகப் பெட்டியின் டேப்பைக் கிழித்தேன்.