தொட்டாச்சிணுங்கி என்று ராஜன் சொன்னான்

1.

இது மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. கதையாக்கிவிட்டேன். கதையில் ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

2.

முதல் தொடக்கம்: பிரிக்பீல்ட்ஸில் ஒரு கால் சென்டர், கார் இன்சூரன்ஸ். கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் விஷ்ணுப்ரியாவுக்கு ஆறு மாத புரொபேஷன் முடியப்போகிறது. வெள்ளத்தில் கார் போன ஒரு ஆன்டி போனில் அழுகிறார். பிரியாவும் அழுதுவிடுகிறாள். பக்கத்து இருக்கை ராஜன் சிரிக்கிறான்: “ஐயோ, தொட்டாச்சிணுங்கி லா இவ!”

(மறுநாள் அந்த ஆன்டி மறுபடி கூப்பிட்டு, “நேத்து பேசுன பொண்ணு இருக்கா?” என்று கேட்டார். இதை முதலில் நான் எழுதவில்லை.)

3.

கொஞ்சம் சொல்லாராய்ச்சி. சிணுங்குவது குழந்தை செய்கிற வேலை. அந்தச் செடி சிணுங்கி யார் கேட்டது? இலையை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். மலாய் மொழியில் அதற்கு செமாலு என்று பெயர்; ‘மாலு’ என்றால் வெட்கம். நமக்கு அழுகை, அவர்களுக்கு வெட்கம். தொட்ட விரல் யாருடையது என்று இரண்டு பெயரிலும் இல்லை. அதனால்தான் நானும்

வேண்டாம். ஆராய்ச்சியும் ஒளிவதுதான்.

4.

ராஜன் என்று யாரும் இல்லை. பக்கத்து இருக்கை என்னுடையது.

சூப்பர்வைசர் மலர்விழி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பிரியா எப்படி? கன்பர்ம் பண்ணலாமா?”

“நல்ல பொண்ணுதான்கா. ஆனா சரியான தொட்டாச்சிணுங்கி.”

சிரிக்கவைக்கத்தான் சொன்னேன். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிரியாவை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் தாங்கமாட்டாள் என்று காரணம். மேசையைக் காலி செய்துகொண்டே சொன்னாள்: “பரவால்லடா. நீயாச்சும் எனக்காகப் பேசியிருப்ப, தெரியும்.”

நான் தலையாட்டினேன். வாயால்கூட இல்லை, தலையால் பொய் சொன்னேன்.

5.

மாற்று முடிவு அ: அவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது. (எனக்கு வசதி.)

மாற்று முடிவு ஆ: பூச்சோங்கில் தற்செயலாகப் பார்க்கிறோம், உண்மையைச் சொல்கிறேன், “போடா லூசு” என்று சிரிக்கிறாள். (இன்னும் வசதி.)

நடந்தது: நேற்று அவளிடமிருந்து மெசேஜ். “டேய், கதை எழுதுறியாமே! நான் இருக்கேனா? அனுப்பு லா.”

நாலாம் பகுதி வரை அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்தது. ‘டைப்பிங்’ என்று வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது.

அவள் பதிலை நான் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. நீங்களும் செய்யாதீர்கள். அவளைப் பற்றி ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொன்னது ஒருமுறை போதும்.