மறுப்புக் கேட்டுப் போனவர்

கைத்துப்பாக்கி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் மரியரட்ணம் அண்ணைக்கு 1988ஆம் ஆண்டு வசந்தத்தில் வந்தது. அதற்கு முன்பே அவர் துவக்கு வைக்கும் சட்டையைத் தயார் செய்துவிட்டார். கறுப்புத் தோல் மேற்சட்டை. அதன் இடது பக்க உட்புறத்தில் மனைவி ராசமலர் அக்காவைக் கொண்டு ஓர் ஆழமான பை வைத்துத் தைப்பித்திருந்தார். துவக்கு வரும்வரை அந்தப் பைக்குள் மத்தி மீன் அடைத்த தகர ரின் ஒன்று இருந்தது. பாரம் பழக வேண்டுமாம். இடது கையை உடம்பில் ஒட்டாமல் அகட்டிக்கொண்டு அவர் பேருந்தில் ஏற, டெனிஸ் கிழவிகள் விலாவில் ஏதோ நோவென்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ரின்னை நானே கண்டேன்.

டென்மார்க்கின் கோல்டிங் நகரிலிருந்து பேருந்தில் போகக்கூடிய எங்கள் சிறு பட்டினத்தின் தமிழர் ஒன்றியத்துக்கு அவர்தான் தலைவர். ஞாயிறுகளில் நூலகத்தின் கீழறையில் கூடுவோம். ஒருநாள் அந்த அறை யன்னலில் யாரோ முட்டை எறிந்திருந்தார்கள். ஒரே ஒரு முட்டை. அதை அவர் 'தாக்குதல்' என்றார்.

உண்மையான காரணம் வேறு. மன்னாரில் அவருடைய பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. காட்டுப்பன்றிக்கென்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எடுத்தது. பெரியப்பா பன்றி சுட்டதை யாரும் கண்டதில்லை; ஆனால் கோயில் திருவிழாவில் அவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். துவக்கு அனுமதி கொடுப்பதென்றால் ஒருவனைப் பெரிய மனிதன் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது என்பது அண்ணையின் விளக்கம். டென்மார்க்கில் மூன்று வருடமாக அவருக்கு யாரும் கதிரை போடவில்லை. அவர் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலம் துடைத்தார்.

பொலிஸில் அனுமதி கேட்க என்னை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிட்டார். நான் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்துகொண்டு மாலை வகுப்பில் டெனிஸ் படித்தேன். என் டெனிசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே தேவையான சொற்களை அகராதியில் தேடி, ஒழுங்காக எழுதிப் பாடமாக்கினேன். 'உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லுதல்' என்பதை எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சாட்சிக்குக் குருசுமுத்து அண்ணையைப் பிடித்தார். அவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். அவருடைய மனைவி மேரிகிறேஸும் இரண்டு பெண் பிள்ளைகளும் மன்னாரில் ஒரு கோயில் மண்டபத்தில் அகதிகளாக இருந்தார்கள். அங்கே அமைதி வந்துவிட்டதென்று இங்கே செய்தியில் சொன்னார்கள். மேரிகிறேஸின் கடிதங்களில் அது வரவில்லை. அவர்களைக் கூப்பிட அவர் விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஓம் என்றோ இல்லை என்றோ பதில் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் தமிழர் குடும்பங்களின் விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் நீதி அமைச்சிடம் அப்படியே கிடந்தன. அதற்கும் தலைவரிடம் விளக்கம் இருந்தது.

"அங்க கடுதாசி மலைபோலக் கிடக்கு. வாசிக்க ஆளில்லை. அவங்கள் பாவம். முறை வரும், பொறுங்கோ."

குருசுமுத்து அண்ணை அந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்தினார்.

"குருசுமுத்து, ஆயுதத்தோட திரியிற எங்கட ஆக்கள் சிலரைக் கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்," என்றார் தலைவர்.

"நான் முட்டைக் கோதைத்தானே அண்ணை கண்டனான்."

"முட்டை எறிஞ்சவன் நாளைக்குக் குண்டு எறிவான்."

"மேரிகிறேஸின்ர விண்ணப்பமும் பொலிஸில அதே மேசையிலதான் குடுத்தனான். இஞ்ச தமிழர் துவக்கோட திரியினம் எண்டு நானே போய்ச் சொன்னால், இன்னும் மூண்டு தமிழரைக் கூப்பிட விடுவாங்களோ?"

"விசரன்! உன்ர விசயத்தையும் நான் அதில ஒரு சொல்லுப் போடுறன். தலைவர் கதைச்சால் அதுக்கு ஒரு மதிப்பிருக்கு."

அந்த ஒரு சொல்லுக்காக அவர் எங்களோடு வந்தார்.

எங்கள் பொலிஸ் நிலையத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மேசை. கடவுச்சீட்டு, சாரதி அனுமதி, வேட்டைத் துப்பாக்கி, வெளிநாட்டவர். மேசைக்குப் பின்னால் யெப்சன் என்ற அதிகாரி இருந்தார். தலைவர் முதலில் ராசமலர் அக்கா செய்த பட்டர் கேக்கை வைத்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று யெப்சன் கேட்டார். அடுத்ததாக ஊர்ப் பங்குத்தந்தையின் நற்சான்றிதழும், சமாதான நீதவான் முத்திரை குத்திய அதன் பிரதியும். கடைசியாக ஒன்றியத்தின் பரிந்துரைக் கடிதம்: திரு. மரியரட்ணம் நேர்மையானவர், கௌரவமானவர் என்று தலைவர் மரியரட்ணம் கையெழுத்திட்டிருந்தார்.

"வேட்டைக்கா?" என்று யெப்சன் கேட்டார்.

பாடமாக்கிய சொற்களைச் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். என் உச்சரிப்புப் பிழை என்று நினைத்தேன். பிழை உச்சரிப்பில் இல்லை.

"வேட்டைக்காரர் பரீட்சை எழுத வேண்டும், துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும்," என்றார். "நானே என்னுடையதை இங்கே பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். உடைக்குள் மறைத்துக்கொண்டு திரிய இந்தப் பட்டினத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. மேயர் கேட்டாலும் கொடுக்கமாட்டோம்."

"மேயரும் கேட்டவரோ?" என்று தலைவர் ஆவலோடு என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

"அப்படி என்ன ஆபத்து?" என்றார் யெப்சன்.

"சொல்லு பிள்ளை. எங்கட ஆக்களில சிலர் ஆயுதத்தோட என்னைத் தேடித் திரியினம். இவர் கண்ட சாட்சி."

யெப்சன் பேனாவை எடுத்துக் குருசுமுத்து அண்ணையின் பெயரைக் கேட்டார். அவர் பெயரைச் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் குருசுமுத்து அண்ணையே தனக்குத் தெரிந்த டெனிசில், "இல்லை. முட்டை. ஒன்று," என்றார். பிறகு என்னிடம், "இஞ்ச பயமில்லையெண்டு சொல்லு பிள்ளை. பயம் மேரிகிறேஸ் இருக்கிற இடத்திலதான் எண்டும் சொல்லு," என்றார்.

சொன்னேன். "அது வேறு விண்ணப்பம்," என்று யெப்சன் பேனாவை மூடினார். மிகவும் மரியாதையாகத்தான் மூடினார். கேக்கையும் மரியாதையாகவே திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் தலைவர் பாய்ந்தார். "என்னைக் கொண்டுபோய்க் கவிட்டுப்போட்டாய்!"

"என்ர விசயம் ஒரு சொல்லு எண்டனீங்கள், அண்ணை."

"உன்ர விசயம் கதைக்கிற இடமோ அது?"

கேக்கைப் பேருந்து தரிப்பிடத்தில் வைத்து அவரே தின்றார்.

அடுத்த கிழமையே பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தலைவர் அதைக் கூட்டத்தில் காட்டி, இது தமிழருக்கு நடந்த அவமானம் என்றார். ஆனால் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டிருந்தார். நான் வாசித்து விளங்கப்படுத்தினேன்: விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. போதிய காரணம் இல்லாததால் மறுக்கப்படுகிறது. திருப்தி இல்லையென்றால் கோப்பன்ஹேகனில் நீதி அமைச்சுக்கு முறையிடலாம்.

குருசுமுத்து அண்ணை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கடிதத்தை வாங்கினார்.

"போன கிழமை குடுத்ததுக்கோ இது?"

"ஓம் அண்ணை."

"இல்லையெண்டு சொல்லி, ஏன் இல்லையெண்டும் சொல்லி, கோவமெண்டால் மேல எழுது எண்டும் சொல்லியிருக்கிறாங்கள்." கடிதத்தை என் கையில் தந்தார். "எனக்கும் ஒரு துவக்குக் கேள், பிள்ளை."

"உங்களுக்கு எதுக்கண்ணை துவக்கு?"

"துவக்கை ஆர் கேட்டது? மறுப்பைக் கேள்."

அன்று இரவு எனக்கு விளங்கியது. மறுத்தால் முறையிடலாம். மேரிகிறேஸின் விண்ணப்பத்தை அவர்கள் மறுக்கவில்லை. அதனால் அவர் முறையிட ஓர் இடமும் இல்லை. இதை எழுத்தில் வைத்த பிறகும், நான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று பயந்து, மாலை வகுப்பு ஆசிரியையிடம் யாரோ ஒருவருடைய விசயம் என்று சொல்லிக் கேட்டேன். சரிதான் என்றார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் பார்த்தார்.

"துவக்குக் கேட்ட தமிழன் எண்டு பேர் பதிஞ்சால், மேரிகிறேஸ் அக்காவின்ர அலுவல் கெட்டுப் போகாதோ?" என்று குருசுமுத்து அண்ணையிடம் கேட்டேன்.

"கிடக்கிறது கிடக்கிறதுதானே. இன்னும் என்னண்டு கிடக்கப் போகுது?"

துவக்கு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில், பலமுறை அழித்து, இப்படி எழுதினேன்: 'என் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடக் கேட்டதற்குப் பதில் இல்லை. துப்பாக்கி கேட்டால் பதில் வருகிறது.'

யெப்சன் அதை வாசித்தார். அவருடைய காது சிவந்தது.

"இதை நான் மறுக்க வேண்டியிருக்கும்."

"நன்றி," என்றார் குருசுமுத்து அண்ணை டெனிசில். பிறகு என்னைப் பார்த்து, "அதே பேனையால மற்றதையும் மறுக்கச் சொல்லு," என்றார்.

"அதை மறுக்க எனக்கு அதிகாரமில்லை."

"ஒத்துக்கொள்ள?"

"அதற்கும் இல்லை. அது கோப்பன்ஹேகனில்."

ஒரு மனைவிக்கு ஓம் சொல்லவோ இல்லை சொல்லவோ முடியாத அந்த மனிதர், வராத துவக்கு ஒன்றுக்கான தாளில் முத்திரையை மிகவும் நேராகக் குத்தினார்.

மறுப்பு ஒழுங்காக வந்து சேர்ந்தது. உடனே அமைச்சுக்கு முறையீடு எழுதினோம். முதல் பக்கத்தில் துப்பாக்கி. இரண்டாம் பக்கம் முழுவதும் மேரிகிறேஸ்: கோயில் மண்டபம், ஊரைச் சுற்றி வளைத்து நடக்கும் தேடுதல்கள், இளையவள் தர்ஷனாவுக்கு விட்டு விட்டுக் காயும் காய்ச்சல், விண்ணப்பத்தின் இலக்கம்.

கதை தலைவரின் காதுக்கு எட்டியது.

"நீ துவக்குக் கேட்டனியாம்? ஒன்றியத்துக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்?"

"மறுத்துப்போட்டாங்கள், அண்ணை."

தலைவரின் முகம் தெளிந்தது. "பின்ன? எனக்கே தரேல்லை."

"இப்ப அமைச்சுக்கு எழுதியிருக்கு."

தெளிந்த முகம் மறுபடி கறுத்தது. தலைவருக்குப் பட்டினத்துப் பொலிஸ் மறுப்பு. மீன் வெட்டுகிறவனுக்குத் தலைநகரில் மறுப்பா? நீ ஆர், உன்ர தகுதி என்ன என்று கத்தினார். குறைந்தபட்சம் தன்னையும் சேர்த்து எழுதியிருக்கலாம் என்பதுதான் அவருடைய குறை. அவமானத்திலும் முன்வரிசைக் கதிரை தேடுகிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இப்படி எழுதுவது மரியாதையா என்று யோசித்தேன். மாற்றி எழுத வேறு சொல் வரவில்லை.

கோடையில் அமைச்சின் பதில் வந்தது. வேலை முடிந்து நேரே குருசுமுத்து அண்ணையின் சமையலறைக்குப் போனேன். ஒருமுறை எனக்குள் வாசித்து, சந்தேகமான இடங்களை அகராதியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"துவக்கை மறுத்தது சரியாம். பிறகு, 'உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மனைவி மேரிகிறேஸ் பற்றியும் மகள் தர்ஷனாவின் காய்ச்சல் பற்றியும் குறிப்பிட்டவை ஆயுதச் சட்டத்தின் கீழ் வராததால் இங்கே கவனிக்கப்படவில்லை' எண்டு போட்டிருக்கு."

"ரெண்டாம் பக்கம் எண்டோ?"

"ஓம்."

"காய்ச்சலெண்டும் போட்டிருக்கோ?"

"ஓம் அண்ணை. பிள்ளையின்ர பேரைக்கூடப் பிழையில்லாமல் எழுதியிருக்கு."

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வழிந்தது. அவர் எழுந்து அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

அந்த ஞாயிறு ஒன்றியத்துக்குப் புதிதாக வந்த ஒரு பொடியன், தன் மனைவியின் விண்ணப்பத்துக்கும் பதில் இல்லை என்று தலைவரிடம் சொன்னான். தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அங்க கடுதாசி மலைபோலக் கிடக்கு, தம்பி. வாசிக்க ஆளில்லை. அவங்களிலயும் பிழை சொல்லேலாது..."

"ஆளிருக்கு," என்றார் குருசுமுத்து அண்ணை.

அவர் ஒருநாளும் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கக் கதைத்ததில்லை. கடிதத்தை மேசையில் விரித்து, தன் மகளின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"நல்லா வாசிக்கினம். வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சிருக்கினம்."

தலைவர் வழக்கம்போல் மேற்சட்டைக்குள் கையை விட்டார். ரின் அங்கேதான் இருந்தது.

குருசுமுத்து அண்ணை கடிதத்தை மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு உனக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும், பிள்ளை? இதைக் கொண்டுபோய்க் காட்டக் கோல்டிங்கில ஒரு வக்கீலம்மா இருக்கிறாவாம்."