சென்சார் முனையில் ஒட்டியிருந்த காகிதம்

நர்ஸம்மாவின் கார் நாற்சந்தி நடுவில் நின்றுபோனது. நேற்றுதான் சர்வீஸ் முடித்துக் கொடுத்த வண்டி. அதைக் கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து அந்த அம்மா நின்ற நிற்பைப் பார்த்ததும், யாரையாவது திட்டியாக வேண்டும் என்று ஆகிவிட்டது பட்டறைக்காரருக்கு. ஆள் பக்கத்திலேயே இருந்தார்: தங்கை புருஷன். ஆறு வருடமாக அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் மாதிரி.

"மாப்ள, ஸ்பார்க் பிளக் முனைக்கு இடைவெளி வச்சது நீங்கதானே? கண்ணை எங்க வச்சுட்டு வேலை பாக்குறீங்க?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாடிக்கையாளர் முன்னால் குரலை உயர்த்தினால்தான் பட்டறைக்கு மரியாதை என்பது பட்டறைக்காரரின் கொள்கை.

நாலு பிளக்கையும் கழற்றி, அளவுத் தகட்டை ஒவ்வொன்றின் முனையிலும் நுழைத்துப் பார்த்தார். நாலிலும் தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வந்தது. மயிரிழை பிசகில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மிச்சம் இருந்தது கிராங்க் சென்சார். என்ஜினில் சுழலும் பல் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து சுற்றை எண்ணிச் சொல்கிற சமாச்சாரம். நேற்று அதைப் புதிதாக மாட்டியது அவரேதான். கழற்றினால், முனை சக்கரத்தில் இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தது.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. புது சென்சார் முனையில் பொட்டு அளவுக்கு ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதோடு சக்கரத்தைத் தொடும்வரை தள்ளி முடுக்க வேண்டும். வண்டி ஓடினால் காகிதம் தானாகத் தேய்ந்து உதிரும். அதன் கனம்தான் சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. நூறு வண்டிக்குச் செய்தவர், நேற்று போனில் அரட்டை அடித்துக்கொண்டே அதைப் பேக்கிங் போல உரித்துப் போட்டுவிட்டார்.

குப்பைத் தொட்டியைக் கிளறினார். கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, அமுக்கிவிடலாம். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

நர்ஸம்மாவிடம் போனார். "தப்பு என்னுதும்மா. அவர் வேலை சரியாத்தான் இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? திட்டு வாங்கினவர் அங்கல்ல நிக்கிறார்."

மாப்பிள்ளை வாசலில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, சென்சார் காகிதத்தை நான்தான் உரிச்சுத் தொலைச்சேன். உங்களைப் போய்... மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல மச்சான்." குரலில் கோபமே இல்லை. "புதுசு வாங்கி மாட்டிக் குடுத்துட்டே போறேன்."

"எங்க போறீங்க?"

"வேலையை விடறேன்னு இப்பதான் வீட்ல சொன்னேன்."

"தங்கச்சி அழுதாளா?"

"இல்ல மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "'அப்பாடா'ன்னா."