சீல் உடைக்காத பாட்டில்

கராடி என்ற புறநகரில் ஓர் அபார்ட்மென்ட்டின் விளையாட்டு விழாவுக்கு நிக்கோலைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, 'இரண்டாவது வாய்ப்பு'. ஊக்கமருந்துக்காகத் தடை வாங்கி, மனநல மருத்துவமனையில் கிடந்து, மறுபடி ஓட வந்தவள் இவர்களுக்கு வேறு எங்கே கிடைப்பாள்?

"போன வாரம் ஜெயிச்ச ரேஸைப் பத்திச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"அது வேண்டாங்க. ஆஸ்பத்திரிக் கதையச் சொல்லுங்க, அதுதான் மனசத் தொடும்," என்றாள் விழாவை நடத்திய கோயம்புத்தூர்க்காரி பார்கவி.

சொன்னாள். கூட்டம் உருகிவிட்டது. பார்கவி மேடையேறி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோருடைய போன்களும் அந்த அழுகையைப் படம் பிடித்தன. "இவங்களுக்கு வாய்ப்பு குடுக்காட்டி நாமெல்லாம் மனுசங்களாங்க?" என்று மைக்கில் கேட்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

மேடைக்குக் கீழே, ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பார்கவியின் மகள் மூச்சிரைக்க நின்றிருந்தாள். நிக்கோல் இறங்கிப்போய்த் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தடைக்குப் பிறகு அடுத்தவர் திறந்த பாட்டிலை அவள் தொடுவதில்லை. சீல் உடைக்காததைத் தானே வாங்கி வருவாள். குழந்தையே சீலை உடைத்து ஒரு வாய் குடித்தது.

"துப்பு! துப்புடி! அவ குடுக்கறத யார்டி வாங்கச் சொன்னா?"

மைக் இன்னும் பார்கவியின் கையில்தான் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. குழந்தை பயந்துபோய் நிக்கோலின் ஷூ மேல் துப்பியது.

கைதட்டியவர்கள் அவரவர் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.